லூஷான் மலையில் சமைத்தவள்

இசக்கிசெல்வி சட்டென்று முகம் சுளிக்கிற ஆள் இல்லை. பம்பாயில் தாராவியில் பிறந்து தாராவிக்குள்ளேயே வாழ்க்கைப்பட்டவள். விடிந்தால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பொதுக் கக்கூஸ் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே நின்று பழகியவளுக்கு எந்த நாற்றமும் புதிதில்லை. ஆனால் அடுப்பு என்று வந்துவிட்டால் அவள் வேறு மனுஷி. ஒற்றை அறை வீடு. குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் மூலையில் தண்ணீர் வடிகிற மோரியில்தான். மோரித் தண்ணீர் அடுப்புப் பக்கம் ஒரு சொட்டுத் தெறிக்கக் கூடாதென்று, புருஷன் பூதத்தானோடு மல்லுக்கு நின்று இடுப்பளவுக்கு ஒரு குட்டைச் சுவர் எழுப்ப வைத்தாள். "இருக்கதே கால் நீட்ட முடியாத இடம், இதுல காம்பவுண்டு வேறயா" என்று அவன் அலுத்துக்கொண்டான். சுவர் எழும்பிவிட்டது.

மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் வெகுகாலம் சமைத்தாள். அந்தக் கைமணத்தைக் கேள்விப்பட்டுத்தான் டூர் கம்பெனிக்காரர்கள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ரிட்டயரான தம்பதிகளை வெளிநாடு கூட்டிப்போகிற கம்பெனி அது. எந்த நாட்டுக்குப் போனாலும் மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு என்பதுதான் அவர்கள் விளம்பரம். துபாய், சிங்கப்பூர், நேபாளம் என்று செல்வியும் போய்வந்தாள். போன இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு இந்திய ஹோட்டலின் சமையலறையில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

சீனாவுக்கு நின்றுபோயிருந்த விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும் கம்பெனி லூஷான் மலைக்கு ஆள் சேர்த்தது. பெரிய மலை. அருவியும் பாறையும் மேகமுமாக இருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கவிகள் வந்து தங்கிப் பாடிப் பாடியே பேர்பெற்ற இடம். மலைமேலேயே ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஹோட்டல் அங்கேதான்.

டூர் மேனேஜர் மகேஷ்குமார் செம்பூரில் பிறந்து வளர்ந்த பையன். தமிழ் பேசுவான், படிக்கச் சொன்னால் திணறுவான். போய் இறங்கிய சாயங்காலம் அவளுடைய அறைக்கு வந்து, கையோடு கொண்டுவந்த கரண்ட் அடுப்பைக் குளியலறைக்குள் வைத்தான்.

"அக்கா, இங்கதான் சமைக்கணும்."

செல்வி விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"ஹோட்டல் கிச்சன் தரமாட்டாங்களா தம்பி?"

"தனியா வாடகை கேட்கிறாங்க. கம்பெனி தராது. ரூமுக்குள்ள சமைச்சா மேல இருக்கிற அலாரம் கத்தும். இங்க அலாரம் கிடையாது, ஃபேன் இருக்கு. கதவை மட்டும் சாத்திக்கோங்க. யாருக்கும் தெரியவேண்டாம்."

வாஷ்பேசின் ஓரத்தில் அடுப்பு உட்கார்ந்தது. சோறு வைக்கிற கரண்ட் குக்கருக்கு இடமில்லை. மகேஷ்குமாரே கமோட் மூடியைச் சாத்தி, அதன்மேல் ஒரு துண்டை விரித்து, குக்கரை எடுத்து வைத்தான். செல்வி அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பசியோடு இருபதுக்கு மேற்பட்ட கிழடுகட்டைகள் காத்திருக்கின்றன, இனி எங்கே போய்ச் சொல்ல என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

அரிசி களைந்த தண்ணீரை ஷவர் குழியில் ஊற்றினாள். அதில் முன்னே தங்கிப்போன யாருடைய தலைமுடியோ சுருண்டு கிடந்தது. ரசம் கொதித்தபோது புளி வாடையும் பினாயில் வாடையும் ஒன்றாய்க் கலந்து அவள் தொண்டைக்குள் இறங்கின. ஆவி சுவர் டைல்ஸில் படிந்து வியர்த்து வழிந்தது. ஒரு சொட்டு அவள் கண்ணெதிரே ரசச் சட்டிக்குள் விழுந்தது. நடுவில் அவளுக்கே ஒன்றுக்கு முட்டியது. குக்கரை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, இருந்து எழுந்து, மூடியைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அங்கேயே வைத்தாள். அப்போது அவளுக்கு அவள் கையே அருவருப்பாக இருந்தது.

பக்கத்து அறையில் சாப்பாடு நடந்தது. மாட்டுங்காவிலிருந்து வந்த அபயாம்பாள் மாமி சொந்தத் தட்டும் டம்ளரும் கொண்டுவந்திருந்தாள். பாங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயரானவள்.

"ரசம் அமிர்தமா இருக்கு செல்வி. கீழே அந்த ஹோட்டல் கிச்சனை எட்டிப் பார்த்தேன். ஒரே கரண்டி, ஒரே வாணலி, எல்லா மாமிசமும் அதுலதான். நினைச்சாலே வயத்தைப் பெரட்டறது. நீ மட்டும் வரலேன்னா நாங்கள்லாம் பட்டினிதான்."

செல்வி தலையை ஆட்டினாள். அன்றைக்கு அவள் இரண்டு வாழைப்பழத்தோடு படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மலை சுற்றிப் பார்க்க அவளையும் அழைத்துப் போனார்கள். வழிகாட்டியாக வந்த லின் என்ற சீனப்பெண் காலேஜில் இந்தி படித்தவள். செல்விக்கு பம்பாய் இந்தி தண்ணிபட்ட பாடு. பாறைகளில் பழங்காலத்துக் கவிதைகளை வெட்டி வைத்திருந்தார்கள். லின் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி அர்த்தம் சொன்னாள். நம் ஆட்கள் அந்தப் பாறையிலேயே சாய்ந்து நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். காலிப் பொட்டலம் ஒன்று காற்றில் பறந்து பள்ளத்துக்குள் போனது. பனிமூட்டம் விலகி அருவி தெரிந்தபோது எல்லோரும் போனைத் தூக்கினார்கள். செல்வி மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவ்வளவு பெரிய மலையிலும் அவளுக்கு ரசமும் பினாயிலும்தான் மணத்தன.

"பிடிக்கவில்லையா தீதி?" என்று இந்தியில் அக்கா முறை வைத்துக் கேட்டாள் லின்.

செல்வி அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். லின் முகம் வெளிறிப்போயிற்று. ஹோட்டல் சமையலறையில் தானே பேசிப் பார்ப்பதாகச் சொன்னாள். பேசவும் செய்தாள். அங்கே தலைமைச் சமையல்காரி ஒரு தனி அடுப்பைக் காட்டி, புது வாணலியையும் எடுத்துத் தருவதாகச் சொன்னாள். வாடகையும் வேண்டாம் என்றுவிட்டாள்.

செல்வி ஓட்டமும் நடையுமாக வந்து மகேஷ்குமாரிடம் சொன்னாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் கிச்சன்ல சமைச்சா ஒருத்தரும் சாப்பிடமாட்டாங்க. பேசாம பூரி போடுங்க அக்கா."

"கமோட்டு மேல வச்சு நான் பூரி தேய்க்கமாட்டேன்."

இப்போது அவன் நிமிர்ந்தான்.

"தாராவியில இருந்துட்டு இதுக்குப் போய் மூக்கைப் பொத்துறீங்களே."

செல்வி திரும்பி நடந்தாள். நேரே எல்லோரும் உட்கார்ந்திருந்த அறைக்குப் போய், வாசலில் நின்று, நேற்றிலிருந்து சாப்பிட்டதெல்லாம் எங்கே வைத்துச் சமைத்தது என்று ஒளிக்காமல் சொன்னாள்.

ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அபயாம்பாள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இதை ஏன் எங்ககிட்ட வந்து சொன்னே? சொல்லாம இருந்திருக்கலாமோல்லியோ."

"உங்களுக்குத் தெரியணுமில்ல மாமி. இப்ப கீழ தனி அடுப்பு தாராவ. புது வாணலி. நானே கழுவிச் சமைக்கேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபம் மகேஷ்குமார் மேல் திரும்பும் என்று செல்வி எதிர்பார்த்தாள். திலக் நகர் சுரேந்திரன் சார்தான் முதலில் பேசினார். கூட்டுறவு சொசைட்டி தலைவர், எதையும் சுமுகமாக முடித்துவைப்பவர்.

"அந்தக் கிச்சன் சரிப்படாதும்மா. எத்தனை கழுவினாலும் அது அந்த இடம்தானே. பாத்ரூம்னாலும் நம்ம ரூம், நம்ம பாத்திரம், நம்ம கை. ஒரு பலகையைப் போட்டு நல்ல துணியா விரிச்சுக்கோ. ரெண்டு நாள்தானே."

"அதான் சரி" என்றார் இன்னொருவர்.

அபயாம்பாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஊதுபத்தி இருக்கு, ஏத்தி வை" என்றாள்.

செல்விக்கு நேற்று குமட்டியது குளியலறையைப் பார்த்து. இப்போது இந்த முகங்களைப் பார்த்துக் குமட்டியது. வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாத சேலை, நெற்றியில் விபூதி. அந்தச் சமையல்காரி தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்த அடுப்பு இவர்களுக்குத் தீட்டு. கக்கூஸ் மூடி இவர்களுக்குச் சுத்தம்.

"எனக்கு முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மகேஷ்குமார்தான் அன்றைக்கு அந்தக் குளியலறையில் உப்புமா கிண்டினான். உப்புமா கட்டி தட்டிப்போயிருந்தது. ஊதுபத்தி மணக்க மணக்க அத்தனை பேரும் தின்றார்கள். செல்வி கீழே போய் லின்னுக்கு எதிரே உட்கார்ந்தாள். சமையல்காரி வெள்ளைச் சோறும், பூண்டு போட்டு வதக்கிய கீரையும் கொண்டுவந்து வைத்தாள். கீரையில் உப்பு சற்றுத் தூக்கல். செல்வி இன்னொரு தடவை சோறு வாங்கிப் போட்டுச் சாப்பிட்டாள்.

ஊர் திரும்பிய பிறகு கம்பெனி அவளைக் கூப்பிடவில்லை. அவள் திமிர் பிடித்தவள் என்று மகேஷ்குமார் நாலு இடத்தில் சொல்லியிருந்தான். சீத்தா கேம்ப்பில் ஒரு பள்ளிக்கூடத்துக் கேண்டீனில் வேலை கிடைத்தது. ஒருநாள் தாதர் மார்க்கெட்டில் அபயாம்பாளைப் பார்த்தாள். மாமி கறிவேப்பிலைக் கட்டு ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள். செல்வியைக் கண்டதும் ஒரு கணம் தயங்கி, தெரியாதவள் மாதிரி திரும்பிக்கொண்டாள். செல்விக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் கையிலிருந்த தக்காளியை முகர்ந்தபோது அந்தக் குளியலறை ரசமும் பினாயிலும்தான் மணத்தன. தக்காளியைக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டு, வெண்டைக்காய் மட்டும் வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.