“உனக்கு எத்தினி புள்ளைங்கம்மா?”

வெள்ளைக்காரர் காலத்தில் பூந்தமல்லியில், குழந்தைகள் டிஸ்பென்சரி ஒன்றில் லேடி டாக்டராக இருந்தேன். எங்கே படித்தேன் என்று ஒரு தாயும் கேட்டதில்லை. “உனக்கு எத்தினி புள்ளைங்கம்மா?” என்றுதான் கேட்பார்கள். கல்யாணமே ஆகவில்லை என்றால் குழந்தையைத் தொட விடமாட்டார்கள், கண் பட்டுவிடுமாம். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன்.

ஒரு நாள் காட்டுப்பாக்கத்திலிருந்து வந்த ஒருத்தியும் அதையே கேட்டாள். “இல்லை” என்றேன். காய்ச்சலில் கொதித்த மகனைக் கம்பளியோடு இறுக்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்பிவிட்டாள். அங்கேயே அவனுக்கு வலிப்பு வந்தது. ஓடிப்போய்ப் பிடுங்காத குறையாக வாங்கினேன். கம்பளியை உருவிப்போட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக வீறிட்டு அழுதான். அவள் அவனை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் அடுத்தவள் தன் குழந்தையோடு உள்ளே வந்து, “உனக்கு எத்தினி புள்ளைங்கம்மா?” என்றாள். நான் கீழே கிடந்த கம்பளியை எடுக்கக் குனிந்தேன்.

தரையிலிருந்தவள் பதில் சொன்னாள்: “ஒண்ணு கீது. தோ, என் மடியில.”

அதற்குப் பிறகும் அந்தக் கேள்வி ஓயவில்லை. நானும் “ஒண்ணு” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பொய் சொல்கிறோம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.