எஸ்தர் அக்கா ஏற்றுக்கொண்ட துளை

செய்தி வந்தபோது நான் பாதி முகம் சவர நுரையோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு போனுக்கு ஓடினேன். ரிசீவரெல்லாம் நுரை. அந்த வீட்டம்மா அதைத் துடைக்கத் துணியோடு நின்றார். மறுமுனையில் எஸ்தர் அக்காவின் கணவர். "எஸ்தர் போயிட்டாண்ணா. நெஞ்சு வலி."

சேலையூர் கேம்ப் ரோட்டில் எஸ்தர் அக்கா கடையில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு அவரைத் தெரியும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் எல்லாருக்கும் அக்கா. ஒவ்வொரு மதர்போர்டின் அளவுக்கும் அட்டை வெட்டி, திருகு வரும் இடங்களில் துளை குத்தி, சுவரில் மாட்டியிருப்பார். யார் கம்ப்யூட்டர் பொட்டி, அதாவது கேபினெட், கொண்டு வந்தாலும் முதலில் அட்டையை உள்ளே வைத்துப் பார்ப்பார். "போர்டுக்குத்தான் பொட்டி. பொட்டிக்கு போர்டு இல்ல" என்பார்.

என் மகளுக்குக் காலேஜில் கடைசி வருஷம், ப்ராஜெக்ட் செய்ய கம்ப்யூட்டர் வேண்டும். என் பட்டறையில் கழித்துப் போட்ட பழைய கேபினெட் ஒன்று கிடைத்தது. புது போர்டை அக்காவிடம் வாங்கினேன். "கேபினெட்டக் கொண்டாங்கண்ணா, அட்டை வெச்சுப் பாத்துடலாம்" என்றார். நான் பத்தாவது ஃபெயில்தான். ஆனால் பதினெட்டு வருஷ ஃபிட்டர். எனக்கா அட்டை என்று வந்துவிட்டேன்.

வீட்டில் வைத்துப் பார்த்தால் மூன்று துளை சேரவில்லை. பட்டறையில் துளை சேராவிட்டால் புதுத் துளை போடுவோம். போட்டேன், போர்டில். பச்சைத் தூள் உதிர்ந்தது. கூடவே தலைமுடி போல ஒரு செம்பு இழை சுருண்டு வந்தது. கரண்ட் ஓடுகிற வழியையே அறுத்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. போர்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு அக்கா கடைக்கு ஓடினேன்.

அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். துளை வழியாக அவர் கண் தெரிந்தது.

"என்னண்ணா, போர்டுக்குக் காது குத்திட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, எட்டு நாள்ல ப்ராஜெக்ட் குடுக்கணும். அவளுக்குத் தெரிஞ்சா என்கூடப் பேசவே மாட்டா."

போர்டுக்கு கரண்ட் கொடுத்துப் பார்த்தார். நான் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். போர்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை, செத்துவிட்டது. கண்ணைத் திறந்தால் எதிரே மகள்! என்னைத் தேடி வந்திருக்கிறாள்.

"போர்டு எங்கப்பா?"

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"என் தப்பும்மா," என்றார் அக்கா. "டெஸ்ட் பண்றப்போ கெடுத்துட்டேன். எட்டு நாளும் இங்கயே, நம்ம கடை மெஷின்ல உக்காந்து செய்."

"பாத்து செய்யக் கூடாதாக்கா?" என்று மகள் சீறினாள். அக்கா தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அவள் தண்ணீர் குடிக்கப் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"அவ கோவத்த நான் தாங்குவேண்ணா. நீங்க தாங்க மாட்டீங்க."

ப்ராஜெக்ட் நல்லபடி முடிந்தது. நேற்று கல்லறைத் தோட்டத்தில் மகள் அழுதுகொண்டே மண் போட்டாள். "எவ்ளோ நல்ல மனசுப்பா. ஒரு தடவ என் போர்டக் கெடுத்தாங்க, அவ்ளோதான்" என்றாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா எனக்கென்று விட்டுப்போனது அந்தப் பொய் ஒன்றுதான். அதை இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"ஆமாம்மா" என்றேன். அக்கா கெடுக்கவில்லை, நான்தான் என்று சொல்லவில்லை.