நிற்கக் கூடாத வண்டி

எங்கள் ஊரான வெரிஸ் கிரீக்கில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டால் அது சாகும்வரை போகாது. நெவில் கிராடக்குக்கு நாங்கள் வைத்த பெயர் சறுக்கு. இறைச்சிக் கடையிலும் தபால் நிலையத்திலும் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவனும் திரும்பிப் பார்க்கிறான், பார்க்காமல் என்ன செய்வான்?

பெயர் வந்த கதை ஊருக்கே தெரியும். நெவில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, கோதுமை ஏற்றிய வண்டியோடு கெட்டில் என்கிற மலை இறக்கத்தில் வந்தான். வண்டி கைக்கு அடங்காமல் ஓடி, அடிவாரத்து வளைவில் எஞ்சின் புரண்டது. நெவில் தோள் எலும்பு முறிந்து வெளியே வந்தான். கூட இருந்த உதவி டிரைவர் டாரில் வரவில்லை. டாரில் வேறு யாருமில்லை, நெவிலின் மனைவி மார்லீனுக்குக் கூடப்பிறந்த தம்பி.

விசாரணையில் நெவில் சத்தியம் செய்து சொன்னான். உச்சியைத் தாண்டும்போது வேகப் பலகையில் போட்டிருந்தபடி இருபது கிலோமீட்டரில்தான் வந்தேன், எஞ்சினின் டைனமிக் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றான். மோட்டார்களே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற பிரேக் அது. பிரேக்கில் கோளாறு இல்லை என்றார்கள் சோதித்தவர்கள். வேகம் பதிகிற கருவி நொறுங்கிப் போயிருந்ததால் அவன் சொன்ன வேகம் பொய்யென்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் வேலையை விட்டு அனுப்பினார்கள். டாரிலின் அம்மா மட்டும் கடைசிவரை ஒரே பேச்சுதான் பேசினாள்: "அந்த ஆள் தலைதெறிக்க ஓட்டுறான்னு எம் புள்ள எங்கிட்ட சொல்லியிருக்கான்." ஊர் அம்மாவை நம்பியது. மார்லீன் புருஷனை நம்பினாள். அம்மாவோடு பேச்சை விட்டாள். அந்த அம்மா செத்தபோது, எதிர்த்தெரு தேவாலயத்தில் பாட்டுச் சத்தம் கேட்க, திரையை இழுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இத்தனை பெரிய ஊரில் அவனை நம்பிய ஒரே ஆள் அவள்தான். அந்த ஒருத்தியை வைத்துக்கொண்டுதான் நெவில் இத்தனை வருடமும் காலத்தை ஓட்டினான்.

பொய்யைச் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது ஞாபகமாகிவிட்டது என்பதுதான் இதில் வேடிக்கை. எழுபதைத் தாண்டியபோது, இருபதில் வந்தோம் என்று உண்மையாகவே நம்பினான்.

பௌலிங் கிளப்பின் பின்னறையில் சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு சங்கம் கூடும். கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டுக்காரர்கள். பாதிப் பேர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள், மீதிப் பேர் பயணச்சீட்டு வாங்கியதைத் தவிர ரயிலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள். எங்கள் மலைப்பாதை முழுவதையும் அப்படியே விளையாட்டுக்குள் கட்டி முடித்திருந்தார்கள். மரம், சுரங்கம், பழைய தண்ணீர்த்தொட்டி எல்லாம் வந்துவிட்டன. எஞ்சின் மட்டும் பொம்மை மாதிரி ஓடியது. எத்தனை பெட்டி கட்டினாலும் மேடு பள்ளம் தெரியாமல் இழுத்துக்கொண்டு போனது. அந்த எஞ்சினுக்கு எடையும் இழுவையும் பிடியும் யாராவது எண்ணாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

சங்கத் தலைவன் பிளங்கெட், நெவிலோடு ஒரே எஞ்சின் ஷெட்டில் வேலை பார்த்தவன். அவன்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான்.

"டேய் சறுக்கு, நெஜ வண்டி ஓட்டினவன் நீதானே. டீசல் எஞ்சினை நீ பண்ணு. ஏத்தத்துல ஏறுனா போதும். எறக்கம் உனக்கு வராதுன்னு எங்களுக்குத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நெவிலும் பல்லைக் காட்டினான். ஆனால் அந்தக் கணத்தில் அவன் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. எஞ்சினை அச்சு அசலாகச் செய்துவிட்டால், அந்த இறக்கத்தில் அந்தச் சுமையோடு இவனுங்களையே ஓட்டச் சொல்லலாம். ஒருத்தனாலும் நிறுத்த முடியாது. அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

வேலையை நன்றாகத்தான் செய்தான், அதைச் சொல்லாவிட்டால் பாவம். வேகக் கைப்பிடியின் எட்டுப் படிகளுக்கும் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றும், அதில் எவ்வளவு சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரும், வேகம் ஏற ஏற இழுவை எப்படிக் குறையும் என்று ஒவ்வொன்றாக எழுதினான். கைப்பிடியைத் தள்ளியதும் எஞ்சின் உடனே பாயக் கூடாது, கிழவன் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதுபோல முனகிவிட்டுத்தான் எழ வேண்டும். அதற்கும் ஒரு எண் உண்டு. ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் சுழலவும், மணல் தூவினால் பிடிக்கவும் வேறு எண்கள். சங்கத்தில் போட்டு ஓட்டிப் பார்த்தபோது, மழை நாளில் ஏற்றத்தில் வண்டி திணறித் திணறி நின்றே போனது. பழைய டிரைவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். அது பெரிய பாராட்டு.

பிறகு இறக்கத்துக்கு வந்தான். டாரில் செத்த அன்றைக்கு இருந்த அதே பெட்டிகள், அதே கோதுமை. டைனமிக் பிரேக்கைப் பாதியாக வெட்டினான், அன்றைக்கு அப்படித்தான் இருந்தது என்றுதானே சொன்னான்? இருபதில் உச்சியைத் தாண்டினான். வண்டி மெதுவாக இறங்கி, அடிவாரத்துச் சிக்னலில் சமர்த்தாக நின்றது.

எங்கோ தப்பு என்று நினைத்தான். டைனமிக் பிரேக்கை அடியோடு எடுத்துவிட்டான். பெட்டிச் சக்கரங்களைக் கட்டையால் அழுத்திப் பிடிக்கிற காற்று பிரேக்கிலேயே நின்றது. தண்டவாளத்தை நனைத்தான், அப்போதும் நின்றது. தேநீர் கொண்டுவந்து வைக்கும் மார்லீன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பாள்.

"நல்லா நின்னுடுச்சே, நெவ்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. போ."

தினமும் இதே கதை. கடைசியில் ஒரு நாள், கோபத்தில், வேகத்தை ஏற்றினான். முப்பத்தைந்துக்கு நின்றது. நாற்பதுக்குத் தள்ளாடி நின்றது. வேகம் கூடினால் பிரேக் கட்டையின் பிடி குறையும், இது எந்த ரயில்காரனுக்கும் தெரிந்ததுதான். நாற்பத்தெட்டில் உச்சியைத் தாண்டியபோது வண்டி கையை விட்டுப் போனது. நேரே போய், அதே வளைவில், அதே பக்கமாகக் கவிழ்ந்தது.

நெவில் திரையில் இருந்த வேகத்தைப் பார்த்தான். நாற்பத்தெட்டு. வேகமானி முள் அன்றைக்கு எங்கே நின்றது என்பது அவனுக்குக் கண்ணில் தெரிந்தது. இத்தனை வருடம் மேலே மண்ணைப் போட்டு மூடியதை இந்தச் சனியன் பிடித்த விளையாட்டு தோண்டி மேசைமேல் வைத்துவிட்டது.

அத்தோடு கணினியை அணைத்துவிட்டுப் போயிருந்தால் அவன் மனிதன். போகவில்லை. பெட்டிகளின் பிரேக் கட்டைக்குரிய எண்ணைத் திறந்து, கொஞ்சம் குறைத்தான். இருபதில் விட்டான். நின்றது. இன்னும் குறைத்தான். நின்றது. குறைத்துக்கொண்டே போய், இருபதில் வந்தாலும் கவிழ்கிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். "முடிஞ்சிடுச்சு, இப்பதான் சரியா வந்திருக்கு," என்று மார்லீனிடம் சொன்னான். அவளும் சந்தோஷப்பட்டாள்.

சனிக்கிழமை சங்கத்தில் ஒவ்வொருவனாக உட்கார்ந்து ஓட்டினார்கள். ஒவ்வொருவனும் கவிழ்ந்தான். பிளங்கெட் மூன்று முறை முயன்று மூன்று முறையும் புரண்டுவிட்டு, எழுந்து வந்து நெவிலின் தோளில் கை போட்டான்.

"உன்னைத் தப்பா நெனச்சுட்டோம்டா. யார் ஓட்டியிருந்தாலும் இதான் நடந்திருக்கும்."

பீர் வாங்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கு ஒருத்தனும் சறுக்கு என்று கூப்பிடவில்லை. மருந்துக்கடை வாரன் எழுந்து நின்று, "நெவிலுக்கு," என்று கோப்பையைத் தூக்கினான். நெவில் எல்லோர் முன்னாலும் தேம்பி அழுதான். வீட்டுக்குப் போய் மார்லீனிடம் சொன்னபோது அவளும் அழுதாள். "இதைக் கேக்க எங்கம்மா இல்லையே," என்றாள்.

அந்த மலைப்பாதை விளையாட்டுக்குச் சங்கம் வைத்த திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. வெளியே சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெரிய திரையில் கெட்டில் இறக்கம். வண்டியை நிறுத்துபவருக்கு ஒரு தட்டு இறைச்சி பரிசு என்று பிளங்கெட் எழுதி ஒட்டியிருந்தான். ஒரு மனிதன் செத்த இறக்கத்துக்கு ஆட்டுத் தொடையைப் பரிசாக வைக்கிறோமே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்கள் ஊர் அப்படித்தான். பேக்கரிக்காரன் கவிழ்ந்தான், பள்ளிக்கூட வாத்தியார் கவிழ்ந்தார், பாதிரியாரும் கவிழ்ந்தார். ஒவ்வொரு முறை எஞ்சின் புரளும்போதும் கூட்டம் கைதட்டிச் சிரித்தது. மார்லீன் சாண்ட்விச் தட்டோடு சுவரோரம் நின்று, திரையைப் பார்க்காமல் புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் இறைச்சித் தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்து வாரன் குரல் கொடுத்தான்.

"இது ஏமாத்து வேலைப்பா. கறியை இவனே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகத்தான் நிக்காத மாதிரி பண்ணி வச்சிருக்கான்."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் மார்லீனுக்குச் சுருக்கென்றது. புருஷனை இன்னொருத்தன் திருடன் என்பதா? தட்டை வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"அப்படிச் சொல்லாத, வாரன். நிக்காதுன்னு யார் சொன்னா? எங்க வீட்ல நான் பார்த்தேனே. தினம் தினம் நின்னுச்சு. பிரேக்கே இல்லாமப் பண்ணிப் பார்த்தான், அப்பவும் நின்னுச்சு. நின்னா இவனுக்குத்தான் கோபம் வரும். அப்புறம் ஏதோ நம்பரைச் சரி பண்ணினான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றாள். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே அப்போதுதான் கேட்டது. நெவில் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினான்.

முதலில் வாரன் சிரித்தான். அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாகச் சிரித்தான். அப்புறம் சங்கத்துக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பு?" என்றாள் மார்லீன்.

பிளங்கெட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மார்லீன், எஞ்சின் நம்பரெல்லாம் இருக்கிற அந்த ஃபைல் ஒண்ணும் பூட்டு போட்ட பெட்டி இல்ல. யார் வேணா திறந்து படிக்கலாம். இந்தச் சங்கத்துல எஞ்சின் வந்தா மொதல்ல அதைத்தான் படிப்போம், அப்புறம்தான் ஓட்டுவோம். உம் புருஷன் கொடுத்த அன்னிக்கே எல்லாரும் படிச்சாச்சு. பிரேக் கட்டைக்கு சோப்புத் தடவி வச்சிருந்தான்."

"அப்ப அந்த பீரு? தப்பா நெனச்சுட்டோம்னு சொன்னது?"

"சும்மா ஒரு ஜாலிக்குத்தான். எவ்வளவு தூரம் போறான்னு பார்த்தோம். அழுவான்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப நீங்க யாருமே நம்பல."

"என்னிக்குமே நம்பினதில்ல. ஊருக்கே தெரியும். உன்கிட்ட மட்டும்தான் யாரும் சொல்லல."

நெவில் அந்த ஃபைலுக்குள் யாரும் பார்க்க முடியாது என்றே நினைத்திருந்தான். வயதான பிறகு கணினி கற்றவன். எண்ணை மாற்றிச் சேமித்தால் அது எஞ்சினுக்குள் போய்விடும், எஞ்சின் மூடியிருக்கும் என்பது அவன் கணக்கு. அவர்கள் தன் தலையில் மிளகாய் அரைத்ததுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. மார்லீன் பக்கம் திரும்பத்தான் கழுத்து வரவில்லை. அவள் சாண்ட்விச் தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை முட்டையும் ரொட்டியும் வைத்தாள். அவன் தின்று முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அவனைக் கணினி முன்னால் உட்கார வைத்தாள்.

"பழைய நம்பரைப் போடு."

"எதுக்கு மார்லீன்? விட்டுடேன்."

"போடு."

போட்டான்.

"இருபதுல வா."

வந்தான். வண்டி அடிவாரத்தில் நின்றது.

"இப்பச் சொல்லு. அன்னிக்கு எவ்வளவுல வந்தே?"

"நாப்பத்தெட்டு."

"ஏன்? எங்கயாவது போகணுமா?"

"இல்ல. எப்பவும் அப்படித்தான் வருவேன்."

"டாரில் ஒண்ணும் சொல்லலையா?"

"மெதுவாப் போன்னு சொன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"பயமா இருந்தா எறங்கி நடந்து வான்னு சொன்னேன்."

மார்லீன் அழவில்லை. கத்தவும் இல்லை. தம்பி அவளிடம் வந்து சொல்லியிருந்தால், மெதுவாக ஓட்டு என்று புருஷனிடம் சொல்லியிருப்பாள். அம்மா சொன்னதைக் கேட்டிருந்தால் அம்மாவின் சவப்பெட்டியையாவது தொட்டிருப்பாள். எழுபது வயதுக்கு மேல் இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக ஒரு வாசல் இல்லை. இருந்த வாசல்களையெல்லாம் இவனுக்காக அவளே அடைத்திருந்தாள்.

"அவன் எந்தப் பக்கம் உக்காந்திருந்தான்?"

"வலது பக்கம்."

சமையலறையிலிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து அவனுக்கு வலது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாப்பத்தெட்டுல வா," என்றாள்.

அவன் ஓட்டினான். எஞ்சின் வளைவில் புரண்டது.

"இன்னொரு தடவை."

இப்போது தினமும் காலையில், தட்டுகளைக் கழுவி வைத்ததும், அவள் வந்து உட்காருகிறாள். அவன் மாட்டேன் என்று சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்தும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இந்த வயதிலும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து விளையாடுகிறார்களே என்று ஊரெல்லாம் சொல்லி மெச்சுகிறாள்.