இடுப்பில் வைத்த கை

மகளின் கல்யாணப் பிளவுஸில், மணி வைத்த கை ஓரத்தில், ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது. "இத வெட்டி விடுங்கம்மா" என்கிறாள். என் கை போகவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டில் இருந்த, போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிப் பெண் டோறா அன்ரி, தன் தங்கையின் கல்யாணத்தில் உடுத்து ஆட, மணிகள் பதித்த பழைய கறுப்புக் கவுணை என் அம்மாவிடம் அளவுக்குப் பிடித்துத் தைக்கத் தந்திருந்தார். தூக்கினால் நனைந்த வலைபோலக் கனத்தது. இடுப்பருகே தொங்கிய நூலைச் சும்மா இழுத்தேன். மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீமெந்துத் தரையில் கொட்டின. பொத்திப் பிடித்தேன், விரலிடுக்கால் ஓடின.

அம்மா கை ஓங்கினார். "அடிக்காதீங்க அக்கா, புள்ள தெரியாமச் செஞ்சிற்று" என்றார் அன்ரி. திரும்பக் கோக்க நேரமில்லை. அன்று மாலையே கல்யாணம்.

மணி உதிர்ந்த இடத்தைக் கையால் மூடியபடியே அன்ரி ஆடினார். "என்ன ஸ்டைலா ஆடுறா, பாருங்க!" என்ற பெண்கள், தாங்களும் இடுப்பில் கைவைத்து ஆடத் தொடங்கினார்கள். மறுநாள் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்படவிருந்த தங்கை அழுதுகொண்டு கட்டிப்பிடித்தபோதும், அன்ரி ஒரு கையால்தான் அணைத்தார்.

"என்னம்மா, பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?"

மகள் தானே அந்த நூலைப் பிடிக்கிறாள்.