ஒதுக்கியதைப் படித்தவர்

ஃபேரர் பார்க்கில் எங்கள் அலுவலகத்துப் பழைய சர்வர் ஒரு பெரியவரின் பொறுப்பில் இருந்தது. அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூக்குக் கண்ணாடிகள். இணையச் செய்திக் குழுக்களுக்கு எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதும் கட்டுரைகள் கட்டுக்கட்டாக அந்த சர்வருக்கு வரும். அவர் ஒரு வரிக் கட்டளை தட்டுவார். அது கட்டைப் பிரித்து அந்தந்தக் குழுவில் சேர்க்கும். தேதியோ தலைப்போ சரியில்லாதவற்றைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கிவிடும். தினமும் காலையில் பால் சேர்க்காத தே-ஓ குடித்தபடி, ஒதுக்கியதை மட்டும் ஒன்று விடாமல் படிப்பார்.

"குப்பையைப் போய் ஏன் சார் படிக்கிறீங்க?" என்றேன்.

"யாரோ உக்காந்து எழுதியிருக்காங்க லா. தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு ஆளாவது படிக்க வேணாமா?"

சர்வரை நிறுத்தினோம், அவரையும் வேலையிலிருந்து அனுப்பினோம். அதன்பின் அவரிடமிருந்து ஏழு மின்னஞ்சல்கள் வந்ததாக அஞ்சல் பதிவு காட்டுகிறது. வேலையை விட்டுப் போனவர்களிடமிருந்து வரும் அஞ்சல் யார் கண்ணிலும் படாமல் அழியும்படி அமைத்து வைத்தவன் நான்தான்.