மூடிய கண்

துலுக்கானம் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். இடி இடித்தால் பயம், போலீஸ்காரன் சைக்கிளைக் கண்டால் பயம். ஆனால் கையில் பிரஷ்ஷை எடுத்துவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது. நூம்பலில் எங்கள் ஓட்டுக் கோயிலுக்கு அவன் எழுதிய இயேசு கன்னங்கறுப்பு. ஏற்றம் இறைத்துக் காய்த்துப்போன உள்ளங்கை அவருக்கு. காலண்டரில் சிவப்பாகவே பார்த்துப் பழகிய எங்களுக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம், அட, நம்ம ஆளுதானே என்று ஆகிவிட்டது.

அது 1942. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு பூந்தமல்லி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. பெரிய வெள்ளிக்கு ஒரு படம் வேண்டும் என்றார் உபதேசியார் உலகநாதன். சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவர், தாய் மடியில். துலுக்கானம் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். வீட்டில் மனைவி அங்கம்மாவுக்கு நிறைமாதம். முன்பு பிறந்த இரண்டும் கண்ணே திறக்காமல் போய்ச் சேர்ந்தவை.

மாமியார் வேம்புலியம்மாள் சேரிக்கே பிரசவம் பார்ப்பவள். சேதி கேட்டதும் அவள் முகம் செத்துப்போயிற்று. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் பிணத்தைத் தொடக்கூடாது. ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை ஆகியும் இது மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

"கையால தொட்டுத் தொட்டுத்தானே மாப்ளே எழுதுவே?" என்று கேட்டாள். அவன் பக்கத்து வீட்டுக்காரனான என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கும்தான் என்ன தெரியும்?

ஒப்புக்கொண்டாயிற்று, எழுதினான். காடாத் துணியில் மரியாளுக்கு அங்கம்மாவின் புடவை, மடியில் விலாக் காயத்தோடு மகன். கண்ணுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. மூடிய கண்ணை இரண்டு தடவை பார்த்தவன் அல்லவா, பாவம். கடைசியில் ஆண்டவருக்குக் கண்ணைத் திறந்தே எழுதிவிட்டான்.

பெரிய வெள்ளி காலையில் படத்தைப் பார்த்த உபதேசியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"செத்தவருக்கு எதுக்குடா கண்ணு தொறந்து கீது? உனக்கு விசுவாசமே கெடையாதா?"

"விசுவாசம் கீது ஐயா. பயமும் கீது. புள்ள பொறக்கட்டும், நானே மூடிடறேன்."

அதற்குள் அங்கம்மாவுக்கு வலி கண்டுவிட்டதென்று ஆள் வந்தது. ஓடினான்.

மத்தியானம் பிள்ளை பிறந்தது. பெண். நீலம் பாரித்து, சத்தமே இல்லாமல். வேம்புலியம்மாள் தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் தட்டினாள்; ஒன்றுமில்லை. கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தவன் கோயிலைப் பார்க்க ஓடினான். அங்கே யாரோ படத்தின் கண்ணை மூடிவிட்டார்கள் என்றே தோன்றியதாம்.

நாங்கள் கோயிலில் முழங்காலில் இருந்தபோது மூச்சிரைக்க உள்ளே வந்தான். கண் மூடித்தான் இருந்தது. உபதேசியாரே கறுப்பைக் குழைத்து இமை போட்டிருந்தார். துலுக்கானம் எங்களைத் தாண்டிப் போய் வேட்டி முனையால் அந்த ஈர மையைத் துடைத்தான். தடுத்த உபதேசியாரின் கையை உதறினான். போலீஸ்காரன் சைக்கிளுக்குப் பயப்படுகிறவன்! அடியிலிருந்த கண் தெரிந்ததும் திரும்பி ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

தெருவிலேயே அழுகை கேட்டது. எப்போது அழுதது என்று வாசலில் நின்றே கேட்டான்.

"நீ தெருக்கோடி கூடத் திரும்பல, அழுதுட்சி. கூப்ட்டேன், காதுல வாங்காம ஓடிகினே கீறே" என்றாள் வேம்புலியம்மாள்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். என்னைப் பார்த்துச் சொன்னான்:

"அவுரு கண்ணை மூடிகினு கெடந்தப்பவே என் புள்ள அழுதுகீது."

சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

மறுநாள் சனிக்கிழமை அவனே போய்க் கண்ணை மூடினான். பயம் எங்கே போகும்? கை வெடவெடவென்று நடுங்க, இமைக் கோடு நெளிந்துபோயிற்று. பின்னால் ஒரு தரம் வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். இமை அசைகிறதே, இதோ விழிக்கப்போகிறார் போலிருக்கிறதே, இதை எப்படி எழுதினாய் என்று கேட்டார். துலுக்கானம் தலையைச் சொறிந்தான்.

"பயந்துகினே எழுதினேன் தொரை" என்றான்.