மலை தர்காவுக்கு நேர்ந்த குடுமி

பூந்தமல்லியில் நான் ஏறிய, பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடும் பஸ் பாதி வழியில் மூச்சை விட்டுவிட்டது. மலை தர்காவுக்கு மீதித் தூரத்தை நடந்தே போனோம். எனக்கு முன்னால் கோவில்பதாகை ஊரைச் சேர்ந்த விவசாயி ஒருவரும் அவர் மனைவியும் சண்டை போட்டபடி நடந்தார்கள்.

"வேண்டிக்கினது நீ. குடுமி மட்டும் என்னுதா?" என்றார் அவர்.

"ஜொரத்துல கெடந்தது யாரு? உன் உசுருக்குத்தானே வேண்டிக்கினேன்?"

அவர் படியேறும்போது குடுமியை அவிழ்த்து, ஆசையாகத் தடவி, மறுபடி முடிந்துகொண்டார்.

மேலே, தர்காவைப் பார்த்துக்கொள்ளும் சாயபு வேண்டுதலைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"முடி எடுக்குற வழக்கம் இங்க இல்லம்மா. சக்கரை வாங்கியா, அதுமேல பாத்தியா துவா ஓதித் தர்றேன். அது போதும்."

குடுமிக்காரருக்கு முகமெல்லாம் பல். ஓதிய சர்க்கரையில் எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்.

அந்த அம்மா மட்டும் யோசித்துக்கொண்டே இறங்கினார். அடிவாரம் வந்ததும் சொன்னார்:

"அப்ப திருத்தணியில எறக்கிடலாம்யா. அதுவும் மலதானே?"

உங்கள் தலையை யார், எந்த மலைக்கு நேர்ந்து வைத்திருக்கிறார்கள்? வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.